1856-ஆம் வருடத்துக் கறுப்பு ஸ்டவுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் பெர்மண்ட்ஸியில், ரயில் பாதைக்குக் கீழே வரிசையாக இருக்கும் செங்கல் வளைவுகளில் 2009-ல் தொடங்கிய சிறிய புரூவரி (பீர் ஆலை) கெர்னல். அவர்கள் காய்ச்சும் பீர்களில் ஒன்றின் பெயரிலேயே ஆண்டு இருக்கிறது: 'இம்பீரியல் பிரவுன் ஸ்டவுட், லண்டன் 1856'. தேம்ஸ் நதியின் அதே தென்கரையில் அந்தக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த பார்க்ளே பெர்க்கின்ஸ் ஆலையின் செய்முறையை ஒட்டிச் செய்தது. ஸ்டவுட் என்பது வறுத்த தானியத்தால் கருநிறம் பெறும் பீர். இதில் ஆல்கஹால் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் கொஞ்சம் மாறும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதை ஊற்றிக் கொடுத்தால், முதல் வாய்க்கு முன்பே கேள்விகள் வந்துவிடும். திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கின்னஸ் மாதிரிதானே இருக்கும்?

நிறத்தில் மட்டும். பப்பில் குழாயிலிருந்து வரும் அயர்லாந்து கின்னஸ் 4.2 சதவீதம்தான். அதன் வழுவழுப்பு நைட்ரஜன் வாயுவால் வருவது. நைட்ரஜனைப் பீரில் ஏற்றும் நுட்பமே 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்ததுதான். அந்த கிரீம் போன்ற நுரையை 1856-ல் யாரும் பார்த்திருக்க வழியில்லை.

இன்னொரு வித்தியாசம் கசப்பில். கின்னஸின் வறண்ட காப்பிக் கசப்பு, முளைகட்டாமல் கருக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. பிரிட்டனில் 1880 வரை அதைப் பீரில் சேர்க்கச் சட்டம் விடவில்லை. வரி போட்டிருந்தது மால்ட்டின் மேல், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின் மேல். மால்ட் ஆகாத தானியத்தைப் போட்டால் கஜானாவுக்குத்தான் நஷ்டம். ஆகவே 1856 ஸ்டவுட்டின் கறுப்பெல்லாம் மால்ட்டிலிருந்து வந்தது. வெளிர் மால்ட், ஆம்பர் மால்ட், பிரவுன் மால்ட், கடைசியாக ஒரு பிடி கறுப்பு மால்ட். இந்தக் கறுப்பு மால்ட்டை உருளையில் போட்டு வறுக்கும் முறைக்கு டேனியல் வீலர் என்பவர் 1817-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பிருந்த ஸ்டவுட்கள் கறுப்பே இல்லை, கரும்பழுப்பு.

பார்க்ளே பெர்க்கின்ஸ் யார்?

லண்டனின் சதக் பகுதியில், இன்று குளோப் நாடக அரங்கு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பார்க் தெருவில் ஆங்கர் புரூவரி என்று ஒன்று இருந்தது. முதலாளி ஹென்றி த்ரேல் 1781-ல் இறந்தபோது, உயிலை நிறைவேற்றும் பொறுப்பு பெற்றவர்களில் ஒருவர் அகராதிக்காரர் சாமுவேல் ஜான்சன். விற்பனை நாளன்று அவர் மைக்கூட்டையும் பேனாவையும் கோட்டுப் பொத்தான் துளையில் செருகிக்கொண்டு வரி அதிகாரி மாதிரிப் பரபரப்பாகத் திரிந்தாராம். ஆலையின் மதிப்பு என்ன என்று கேட்டவரிடம், நாம் விற்க வந்தது நாலு கொப்பரையையும் தொட்டியையும் அல்ல, பேராசைக்காரன் கனவிலும் காணாத பணத்தைச் சேர்க்கும் வாய்ப்பை என்று சொன்னதாக, ஜான்சனின் வாழ்க்கையை எழுதிய பாஸ்வெல் எழுதிவைத்திருக்கிறார். 1,35,000 பவுண்டுக்கு விலைபோனது. வாங்கியவர் ராபர்ட் பார்க்ளே. ஆலையை நடத்திக்கொண்டிருந்த ஜான் பெர்க்கின்ஸும் கூட்டாளி ஆனார். ஜான்சன் சொன்னது பலித்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய பீர் ஆலைகளில் ஒன்று அது. 1955-ல் கரேஜ் நிறுவனத்தோடு சேர்ந்தது. இப்போது அந்த இடத்தில் குடியிருப்புகள்.

ரஷ்யக் குளிரில் உறையக் கூடாது என்றுதான் இவ்வளவு வீரியமாகச் செய்தார்களாமே?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பால்டிக் துறைமுகங்களுக்குச் சாதாரண போர்ட்டரும் (ஸ்டவுட்டைவிட வீரியம் குறைந்த கரும்பீர்) அதே கப்பல்களில்தான் போனது. அதுவும் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. வீரியமான சரக்குக்கு அங்கே காசு கொடுக்க ஆள் இருந்தது, அதனால் அனுப்பினார்கள். ஓவியர் ஜோசஃப் ஃபாரிங்டன் 1796-ல் தன் நாட்குறிப்பில், த்ரேல் ஆலையின் போர்ட்டரைக் குடித்ததாகவும், அது ரஷ்யப் பேரரசிக்கென்றே காய்ச்சியது, ஏழு வருடம் கெடாது என்று கேட்டதாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பேரரசி இரண்டாம் கேத்தரின். 'இம்பீரியல்' என்ற அடைமொழிக்கு வேர் இங்கே இருக்கிறது.

வணிகத்தில் சுங்கவரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1822-ல் ரஷ்யா பிரிட்டிஷ் சரக்குகள் மேல் வரியை ஏற்றியபோது, இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் காய்ச்சிய ஏல் என்ற இனிப்பான பீரின் வியாபாரம் படுத்துவிட்டது. போர்ட்டர் மட்டும் தப்பியது. பிழைக்க வழி தேடிய பர்ட்டன் ஆலைக்காரர்கள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். 'இந்தியா பேல் ஏல்' பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருப்பீர்கள். மதராஸ், கல்கத்தா, பம்பாய் பாசறைகளில் சிப்பாய்களுக்குப் போன பீரில் போர்ட்டர்தான் அதிகம் என்பதை மட்டும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பேல் ஏல் துரைமார்களுக்கு. துரைமார்கள்தான் கடிதமும் நாட்குறிப்பும் எழுதினார்கள்.

இத்தனை வருடம் கழித்துச் செய்முறை எங்கிருந்து கிடைத்தது?

ஆலைக் கணக்குப் புத்தகங்களிலிருந்து. பார்க்ளே பெர்க்கின்ஸின் காய்ச்சல் பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பதிவு செய்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம். ரான் பாட்டின்சன் என்ற பீர் வரலாற்று ஆய்வாளர் இப்படிப்பட்ட பதிவேடுகளை வருடக்கணக்கில் படித்து, இன்று காய்ச்சக்கூடிய கணக்காக மாற்றித் தந்திருக்கிறார். பழைய ஸ்டவுட்கள் திரும்பி வந்ததில் அவருக்குக் கணிசமான பங்கு உண்டு.

அந்தப் பதிவேடுகளில் செய்முறை என்று நாம் நினைக்கும் எதுவும் இருக்காது. ஒரு காய்ச்சலுக்கு ஒரு வரிசை, அவ்வளவுதான். எந்த மால்ட் எத்தனை குவார்ட்டர் (பழைய தானிய அளவை), கசப்புக்கும் கெடாமல் இருக்கவும் சேர்க்கும் ஹாப்ஸ் பூ எத்தனை பவுண்டு, தண்ணீரின் சூடு ஃபாரன்ஹீட்டில், பிறகு சாற்றின் அடர்த்தி. இந்த அடர்த்தியை எழுதும் விதம் சுவாரசியமானது. ஒரு பேரல் என்பது 36 காலன்; அவ்வளவு தண்ணீரின் எடை 360 பவுண்டு. ஒரு பேரல் மால்ட் சாறு அதைவிட எத்தனை பவுண்டு கூடுதல் எடை என்பதை மட்டும் குறிப்பார்கள். இப்போது பப்பில் கிடைக்கும் சாதாரண ஆங்கிலேய பீரான பிட்டருக்கு அந்தக் கணக்கில் 14 பவுண்டு வரும். இந்த ஸ்டவுட்டுக்கு 38. ஈஸ்ட் போடுவதற்கு முன்பு அது பீரா, பாகா என்று சந்தேகம் வரும் அடர்த்தி.

அப்படியானால் 1856-ல் குடித்தவர் ருசித்த அதே ருசியா இது?

இல்லை. 'அச்சு அசல் பழைய ருசி' என்று யாராவது விற்றால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். எண்கள் அதே எண்களாக இருக்கலாம். அந்த எண்கள் குறிக்கும் பொருள்கள் மாறிவிட்டன.

முதலில் பார்லி. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வயல்களை ஆண்டது ஷெவாலியர் என்ற ரகம். இன்று பாரம்பரிய ரகம் என்று பெருமையாகச் சொல்லப்படும் மாரிஸ் ஆட்டரே 1960-களில் உருவானதுதான். ஷெவாலியரை நாரிச்சில் உள்ள ஜான் இன்ஸ் ஆய்வு மையம் விதைச் சேகரிப்பிலிருந்து எடுத்து மீண்டும் பயிராக்கியது. அதில் காய்ச்சிய பீர்களும் வந்தன. ஆனால் பெரும்பாலான மறுகாய்ச்சல்கள் இன்றைய பார்லியில்தான் நடக்கின்றன.

பிரவுன் மால்ட்டில்தான் பெரிய மாற்றம். அந்தக் காலத்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில், குறிப்பாக வேர் என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில், இது பெரிய தொழில். முளைத்த பார்லியைக் கம்பித்தளத்தில் மெல்லிசாகப் பரப்பி, அடியில் விறகை மூட்டி, கடைசியில் தீயைக் குப்பென்று ஏற்றுவார்கள். மணி உப்பி, பொரி மாதிரி வெடிக்கும். மேல்தோல் கருகினாலும், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் உள்ளே கொஞ்சம் உயிரோடு மிஞ்சும். விறகுப் புகையும் ஒட்டிக்கொள்ளும். இன்று பிரவுன் மால்ட் என்ற பெயரில் வருவது சுழலும் உருளையில் சீராக வறுத்தது. புகை இல்லை, நொதியும் இல்லை. வாசனை மட்டும் அந்த வம்சத்தைச் சேர்ந்தது: ரொட்டியின் கருகிய ஓரம், கொஞ்சம் மண்வாசம்.

மூன்றாவது ஈஸ்ட். ஒரே ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை எடுக்கும் முறையை எமில் கிறிஸ்டியன் ஹான்சன் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் 1883-ல் கொண்டுவந்தார். 1856-ல் ஆலைகளில் புழங்கியது கலப்பு ஈஸ்ட்; அதில் என்னென்ன இருந்தது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. அதோடு, காய்ச்சிய ஸ்டவுட் பிரம்மாண்டமான மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கிடந்தது. தொட்டி என்றால் நம் வீட்டுத் தொட்டி இல்லை. 1814 அக்டோபர் 17-ஆம் தேதி லண்டனின் மியூ ஆலையில் 22 அடி உயரத் தொட்டி உடைந்து, வெளியே பாய்ந்த போர்ட்டர் பக்கத்துச் சந்து வீடுகளை இடித்து எட்டுப் பேரைக் கொன்றது.

என்னைக் கேட்டால், மறுகாய்ச்சல்களில் விட்டுப்போவது இந்தக் காலம்தான். மால்ட்டையும் ஹாப்ஸையும் அச்சொட்டாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் சில வாரங்களில் பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். அந்த ஹாப்ஸ் அளவு, அவ்வளவு நாள் தூங்கப்போகும் பீருக்காகப் போடப்பட்டது.

எந்தக் கிளாஸ்? எவ்வளவு குளிர்?

பைன்ட் கிளாஸ் (அரை லிட்டருக்கு மேல் பிடிப்பது) வேண்டாம். வாய் சற்றுக் குறுகிய சிறிய ஒயின் கிளாஸ் போதும். வெப்பநிலை 12 முதல் 14 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அரை மணி, முக்கால் மணி முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். சென்னையில் என்றால் கால் மணியே தாராளம்.

பாட்டிலின் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். முந்தைய நாளே நிற்கவைத்து, கடைசி ஒரு விரற்கடையை ஊற்றாமல் விடுங்கள். அது விஷமில்லை, மாவு மாதிரி நாக்கில் படியும், அவ்வளவுதான்.

ருசி எப்படி இருக்கும்? எதைக் கவனிக்க வேண்டும்?

ஊற்றும்போதே தெரியும். தண்ணீர் விழும் சத்தம் இல்லாமல், எண்ணெய் மாதிரி அமைதியாக இறங்கும். நுரை வெள்ளையாக இருக்காது, பழுப்பு நிறம். அதிக நேரம் நிற்கவும் செய்யாது. கிளாஸைச் சாய்த்து விளக்குக்கு நேரே பிடித்தால், ஓரத்தில் மட்டும் மாதுளைச் சிவப்பு தெரியும்.

குளிர் இறங்காமல் மோந்து பார்த்தால் வறுத்த வாசனை தவிர வேறு எதுவும் கிடைக்காது. பலர் அங்கேயே 'காப்பி வாசனை' என்று முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பத்து நிமிடத்தில் அதிமதுரம் வரும், பிறகு உலர்ந்த பிளம்ஸ், அதற்கும் பின்னால் ஈரமண்ணும் காய்ந்த தழையும் கலந்த ஒரு வாசம். கடைசியில் சொன்னது ஆங்கிலேய ஹாப்ஸின் வாசம். அமெரிக்க ஹாப்ஸில் கிடைக்கும் எலுமிச்சை, மாம்பழ வாசனையை இங்கே தேட வேண்டாம்.

முதல் வாய் சிறிதாக இருக்கட்டும். நாக்கில் பட்டதும் இனிப்பு, கருப்பட்டியின் பக்கம் சாயும் இனிப்பு. அது முடிவதற்குள் கசப்பு ஏறும். இதில் இரண்டு கசப்பு உண்டு. கருகலின் கசப்பு நாக்கின் மேலேயே தங்கும். டார்க் சாக்லேட்டில் இருப்பது. ஹாப்ஸின் கசப்பு விழுங்கிய பிறகு தொண்டையில் மெதுவாக வந்து, ரொம்ப நேரம் போகாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்த பீர் பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். விழுங்கின பிறகு மார்பில் ஒரு கதகதப்பு பரவும், அது ஆல்கஹால். எரிச்சலாக இருந்தால் பீர் இன்னும் இளசு.

கிளாஸைக் கையில் வைத்திருங்கள். சூடு ஏற ஏறக் கருகல் பின்னால் போய் இனிப்பும் பழமும் முன்னால் வரும். முதல் வாயில் முகம் சுளித்துவிட்டு, அரை மணி கழித்து 'இன்னும் கொஞ்சம் இருக்கா?' என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒயின் மாதிரித் துப்ப வேண்டியதில்லை. துப்பினால் அந்தத் தொண்டைக் கசப்பு தெரியாமலே போய்விடும்.

லேசாகப் புளிக்கிறதே, கெட்டுவிட்டதா?

எந்த பாட்டில் என்பதைப் பொறுத்தது. புதிதாக வாங்கிய கெர்னல் பாட்டில் புளித்தால் ஏதோ கோளாறு. ஆனால் சசெக்ஸில் லூயிஸ் ஊரின் ஹார்வீஸ் ஆலை 1999-லிருந்து காய்ச்சும் 'இம்பீரியல் எக்ஸ்ட்ரா டபுள் ஸ்டவுட்' புளிக்கும், பழைய தோல் வாசனையும் அடிக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்த பாட்டிலில் லே காக் என்ற பெயர் இருக்கும். பெல்ஜியப் பின்னணி கொண்ட ஆல்பர்ட் லே காக் லண்டனிலிருந்து பால்டிக் நாடுகளுக்கு ஸ்டவுட் ஏற்றுமதி செய்தவர். அவருடைய சரக்கை ஏற்றிச்சென்ற ஒலிவா என்ற கப்பல் 1869-ல் பால்டிக் கடலில் மூழ்கியது; 1974-ல் நார்வே முக்குளிப்போர் பாட்டில்களை மேலே கொண்டுவந்தார்கள். லே காக் நிறுவனம் பிறகு இறக்குமதியை விட்டுவிட்டு, 1912-ல் எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் ஓர் ஆலையையே வாங்கி அங்கேயே காய்ச்சத் தொடங்கியது.

ஹார்வீஸ் முதன்முதலில் காய்ச்சி பாட்டிலில் அடைத்து வைத்தபோது, சில மாதம் கழித்து எதிர்பாராமல் இரண்டாவது நொதிப்பு கிளம்பி கார்க்குகளைத் தள்ளியது. ஆலையில் இருந்த காட்டு ஈஸ்ட்டின் வேலை. அதையே பிறகு முறையாக வைத்துக்கொண்டார்கள். அந்த நொதிப்பு அடங்கும்வரை ஆலையிலேயே வைத்திருந்துவிட்டு அடைக்கிறார்கள்.

பழைய லண்டன் தொட்டிகளிலும் இந்த மாதிரி ஈஸ்ட்கள் இருந்தன. கார்ல்ஸ்பர்க்கில் வேலை பார்த்த கிளாஸன் 1904-ல் ஆங்கிலேயப் பழம்பீர்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் வைத்தார். ஆங்கிலேய பீருக்கு அதன் முதிர்ந்த ருசியைத் தருவதே இதுதான் என்றார். இன்று ஒயின்காரர்கள் அதன் பெயரைக் கேட்டாலே பதறுகிறார்கள். எண்களில் கெர்னல் பாட்டில் 1856-க்கு நெருக்கம். ருசியில் ஹார்வீஸ் நெருக்கமாக இருக்கலாம் என்பது என் கட்சி.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

இருட்டில், 12-15 டிகிரியில், நிற்கவைத்து, ஐந்தாறு வருடம் தாராளமாக. ஓரளவு முதிர்ந்தால் கசப்பு தணிந்து உலர்பழ ருசி வரும். ரொம்ப விட்டால் சோயா சாஸும் ஈர அட்டைப்பெட்டியும் கலந்த மாதிரி ஆகிவிடும். மேலே சொன்ன குளிர் இல்லாத வீட்டில் சேமித்து வைக்கும் ஆசையே வேண்டாம், வாங்கினால் குடித்துவிடுங்கள்.

இலங்கையில் லயன் ஸ்டவுட் குடித்துப் பழக்கம். அதைவிட இது எப்படி?

லயனும் லேசுப்பட்டதில்லை, 8 சதவீதத்துக்கு மேல். நுவரெலியாவின் பழைய பீர் ஆலையிலிருந்து வந்த பெயர் அது. சாக்லேட்டும் வெல்லப்பாகுமாக, கசப்பு அடங்கி, குடிக்கச் சுலபமாக இருக்கும். அந்தப் பழக்கத்தில் 1856-ஐ எடுத்தால் ஹாப்ஸ் கசப்பு ஒரு தட்டு தட்டும். இனிப்பு குறைவு என்று தோன்றும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்க நல்ல ஜோடி.

பிள்ளை பெற்றவர்களுக்கு ஸ்டவுட் நல்லது, இரத்தம் ஊறும் என்று பாட்டி சொல்வாரே?

மலேசியா, சிங்கப்பூர், இலங்கைத் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் இருக்கிறது. பாட்டி தானாகக் கண்டுபிடித்ததில்லை. கின்னஸ் உங்களுக்கு நல்லது என்று 1929-லிருந்து விளம்பரமே வந்தது, பிரிட்டனில் மருத்துவர்களும் கொடுத்தார்கள். ஒரு பைன்ட்டில் இருக்கும் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட வராது. ஆல்கஹால் தாய்ப்பாலில் கலக்கும். முருங்கைக்கீரையும் ஈரலும் இருக்க இது எதற்கு? வேண்டாம்.

ஒரு பாட்டிலை எத்தனை பேர் குடிக்கலாம்?

330 மில்லி, 9.5 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 31 மில்லி. பிரிட்டன் கணக்கில் மூன்று யூனிட்டுக்கு மேல். அங்கே வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். சாதாரண லாகர் பாட்டிலைப் போல இரண்டு மடங்கு இது. சுவைத்துப் பார்க்க மூன்று பேருக்கு ஒரு பாட்டில் போதும். வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

தொட்டுக்கொள்ள என்ன?

மிளகாய்க் காரத்தைத் தூர வையுங்கள். மட்டன் சுக்காவும் 10 சதவீத ஆல்கஹாலும் ஹாப்ஸ் கசப்பும் சேர்ந்தால் வாய் எரியும், வேறு எதுவும் தெரியாது. ஆங்கிலேயர்களுக்கு ஸ்டில்ட்டன் சீஸ். உப்பும் அந்த நீலப் பூஞ்சைக் காட்டமும் இனிப்போடு சரியாக மோதும். விக்டோரியா காலத்து லண்டனில் ஆய்ஸ்டர் சிப்பி ஏழைகளின் சாப்பாடு, அதோடு போர்ட்டர் குடித்தார்கள். இப்போது இரண்டும் பணக்காரச் சமாச்சாரம். நம் பலகாரத்தில் பால்கோவா பிரமாதமாகச் சேரும். உப்பில்லாத வறுத்த முந்திரியும் சரி. மிக்சர் வேண்டாம், அதன் எண்ணெய் நுரையை அடித்துவிடும்.

தமிழ்நாட்டில் கிடைக்குமா? வீட்டில் காய்ச்சலாமா?

டாஸ்மாக்கில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வீட்டில் பீர் காய்ச்ச பிரிட்டனில் 1963-லிருந்து உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். லண்டனில் யாராவது இருந்தால் ஊருக்கு வரும்போது வாங்கிவரச் சொல்லலாம். பெட்டிக்குள் துணியில் சுற்றி, கைப்பையில் இல்லாமல்.

திறந்த பாட்டில் மிச்சமாகிவிட்டால்?

மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள்வரை தாங்கும். வாயு போயிருக்கும், ருசி பெரிதாகக் கெடாது. அதற்கும் மேலே போனால் குடிக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ மெதுவாக வேகும் ஸ்டூவில் அரை கப் ஊற்றலாம். ஆனால் வற்ற வற்ற ஹாப்ஸ் கசப்பு கூடிக்கொண்டே போகும். இரண்டு வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கிச் சேர்த்து, ஒரு துண்டு வெல்லமும் போட்டால் கசப்பு கட்டுப்படும்.